உன் அண்ணன் நேராக்கிய தகடு

என் அருமைப் பிடிவாதக்காரி யசோவுக்கு,

நீ போய் ஒரு வருடமாகிறது, உனக்கு ஆட்டைத் திவசம் வருகிறது. பத்திரிகையில் நினைவஞ்சலி போட வேண்டும், நாலு வரி எழுதித் தாரும் என்று உன் அண்ணன் கேட்டார். நாலு வரிக்குள் உன்னைப் புகழலாம், திட்ட முடியாது. அதனால் வழமையான நாலு வரியை அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இதைத் தனியாக எழுதுகிறேன். நாலு வரிக்கு மேல் எதையும் அவர் வாசிக்க மாட்டார் என்பது உனக்கும் தெரியும். ஆகவே ஊரே வாசித்தாலும் எனக்குக் கவலையில்லை.

முதலில் ஒன்று கேட்கிறேன். காய்ச்சல் வந்தால் படுக்க வேண்டும் என்று உனக்கு யாருமே சொல்லித்தரவில்லையா? பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் வாங்கியவளுக்கு அந்தச் சின்ன விஷயம் தெரியாதா? மாரி மழை விட்டு நுளம்பு மொய்த்த நேரம். ஊரெல்லாம் டெங்கு. நீயோ இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு, போர்வையால் மூடிக்கொண்டு, விறாந்தையில் அந்த அலுமினியத் தகட்டுக்கு முன்னால் குந்தியிருந்து குச்சி பூட்டினாய். திருகாணி உன் விரலில் நிற்காமல் விழுந்து விழுந்து உருண்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

“எழும்பு யசோ, ரத்தம் சோதிச்சுக்கொண்டு வருவம்.”

“இந்த மூலை மட்டும் முடியட்டும் மச்சாள்.”

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்த என்னை, உன் அண்ணனைக் கட்டிய நாளிலிருந்து மச்சாள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே எல்லாக் காரியமும் சாதித்துக்கொண்டாய். அன்றும் அப்படித்தான். மூலை முடிந்தது. அதற்குப் பிறகு ஆசுபத்திரிக்குப் போனோம். டொக்டர் என்னைப் பார்த்து ஏன் இவ்வளவு பிந்திக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். உன்னிடம் கேட்க வேண்டிய கேள்வியை என்னிடம் கேட்டார். எனக்கு இன்றைக்கும் அந்த ஆத்திரம் ஆறவில்லை.

உன் செத்தவீட்டிலும் நீ என்னைச் சும்மா இருக்க விடவில்லை, தெரியுமா? கனடாவில் உன் சித்தப்பா குடும்பம் முழுக்க விடிய எழும்பிக் குளித்து, போனுக்கு முன்னால் அழத் தயாராக இருந்தது. இங்கே கிரியை தொடங்குகிற நேரம் படம் நின்றுவிட்டது. இணையப் பெட்டியில் சிவப்பு லைற். ஒருவர் பெட்டியை நிறுத்திப் போட்டார். இன்னொருவர் கோபுரத்தில் பழுது என்றார். வேறொருவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். எனக்கு மட்டும் விளங்கிவிட்டது. சனம் இருக்க இடம் வேண்டுமென்று உன் அலுமாரியைச் சுவரோடு தள்ளியிருந்தார்கள். மூலையால் வருகிற ஒளியிழை வயர் அதற்குப் பின்னால் மடங்கிப்போயிருந்தது.

நீ சவப்பெட்டிக்குள் கிடக்கிறாய். உன் பக்கத்தில் இருந்து அழ வேண்டிய நான் புதுச்சேலையோடு அலுமாரிக்குப் பின்னால் தவழ்ந்து போய் வயரை நிமிர்த்திக்கொண்டிருக்கிறேன். பச்சை லைற் வந்தது. கனடா அழத் தொடங்கியது. இதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு உன்னை எழுப்பி அடிக்கலாம் போல் இருந்தது.

அந்த வயரைப் பற்றி எனக்குச் சொன்னதே நீதானே. இணைப்புப் பூட்ட வந்த பொடியன் வடிவாக இருக்கட்டும் என்று கதவு நிலையின் மூலையில் வயரைச் சடாரென்று மடித்து ஆணி அடித்துவிட்டுப் போனான். அன்றும் சிவப்பு லைற்தான். நீ வந்து ஆணியைக் கழற்றி, வயரைப் பெரிய வளைவாக விட்டாய். “தலைமயிர் மொத்தத்தில ஒரு கண்ணாடி இழை இதுக்குள்ள கிடக்கு. ஒளி அதின்ர ஓரத்தில பட்டுப் பட்டுத் தெறிச்சு ஓடும். மெல்ல வளைச்சா அதுவும் வளையும். இப்பிடி முறிச்சு மடிச்சா வெளியில கசிஞ்சு போடும்” என்றாய்.

நான் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். “அப்ப மடிச்சாலும் கசியாத மாதிரி ஒண்டு செய்ய ஏலாதோ?”

உன் முகம் மலர்ந்ததே ஒரு மலர்ச்சி! “அதுதானடி என்ர வேலை” என்றாய். அன்றோடு எனக்கு நிம்மதி போனது. குசினியில் தேங்காய் துருவும்போது சொன்னாய். முடி காய வைக்கும்போது சொன்னாய். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போன பஸ்ஸில், ஆள்மேல் ஆள் நெரிபட்டு நிற்கையில், என் காதுக்குள் சொன்னாய். பின்னால் நின்ற யாரோ ஒரு அம்மா என்னவோ குடும்பப் பிரச்சினை என்று நினைத்து என்னைப் பரிதாபமாகப் பார்த்தா.

இவ்வளவும் கேட்டதில் எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். பிழையென்றால் கனவில் வந்து திருத்து, வேறு வழியில்லை.

ஒளி போகிற கண்ணாடிக்குள் நுண்ணிய துளைகளை ஒழுங்காக அடுக்கலாம். துளைக்கும் துளைக்கும் உள்ள தூரம் ஒளியின் அலைக்குப் பொருத்தமாக அமைந்தால், சில நிறங்கள் அந்த அடுக்குக்குள் கால் வைக்கவே முடியாது. அதை ஒளிப்படிகம் என்றாய். நடுவில் ஒரு பாதையை மட்டும் விட்டால் ஒளி அந்தப் பாதையிலேயே அடைபட்டு ஓடும். வெளிநாட்டில் அப்படி இழைகள் செய்கிறார்கள். எங்களுக்கு அந்த வசதி ஏது? அதனால் நீ அலையைப் பெரிதாக்கினாய். வீட்டு இணையப் பெட்டி விடுகிற அலையும் ஒளியின் சாதிதான், நீளம் மட்டும் கூட, அதற்குத் துளைக்குப் பதில் சுண்டுவிரலில் பாதி நீளத்தில் அலுமினியக் குச்சிகள் போதும், கணக்கு ஒன்றுதான் என்றாய். சாப்பாட்டு மேசை அளவில் ஒரு தகடு, அதன்மேல் நிறையக் குச்சிகள். உன் ஆராய்ச்சி முழுவதும் அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு அது பெரிய தலைவாரி போலத்தான் தெரியும்.

ஆனால் குச்சிகளை நீ ஆறு ஆறாகப் பூட்டினாய். தகட்டின் ஒரு பாதியில் ஆறும் தங்கள் நடுவை நோக்கி நெருங்கி நிற்கும். மறுபாதியில் ஆறும் ஒன்றோடொன்று கோபித்ததுபோல் விலகி நிற்கும். இந்தப் பாதிக்குள்ளும் அலை நுழையாது, அந்தப் பாதிக்குள்ளும் நுழையாது. இருந்தாலும் இரண்டும் ஒரே வகை இல்லை. நெருங்கி நிற்பதை விலகி நிற்பதாக மாற்ற வேண்டுமென்றால் இடையில் ஒரு கட்டத்தில் எல்லா இடைவெளியும் சமனாக வந்தே தீரும். சமனாக வந்தால் அலைக்குக் கதவு திறந்துவிடும். ஆகவே இரண்டு வகையும் சந்திக்கிற எல்லையில் அலைக்கு ஒரு வழி இருந்தே ஆகவேண்டும். அந்த எல்லை எங்கே மடிந்தாலும் அலையும் கூடவே மடிந்து போகும். ஒரு குச்சி இரண்டு குச்சி பிசகினாலும் வழி அழியாது, ஏனென்றால் பிசகினாலும் வகை மாறவில்லை. இடவியல் என்றால் இதுதான் என்றாய். சரியா?

இதை எனக்குச் சொன்னாய். மாணவருக்குச் சொன்னாய். பால்காரருக்குக்கூட ஒருநாள் சொல்லத் தொடங்கினாய், அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தப்பிவிட்டார். உன் அண்ணனுக்கு மட்டும் சொல்லவில்லை. தகடும் அவருடையது, குச்சியும் அவருடையது. எங்கள் அலுமினியக் கடையில், வாடிக்கையாளரின் யன்னல் வேலையை நிறுத்திவைத்துவிட்டு உனக்காக வெட்டித் தந்தவர். கோயிலுக்குப் போனாலும் சாமிக்கு முன்னம் கதவு நிலை நேராக நிற்கிறதா என்று பார்க்கிற மனிதர். அவர் கேட்டாரே, “எவ்வளவு இடைவெளி விட்டுத் துளைக்கிறது?” என்று. “அதை நான் பாக்கிறன் அண்ணை, நீங்கள் வெட்டி மட்டும் தாங்கோ” என்றாய். அவர் முகம் போன போக்கை நீ கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அவரிலும் பிழை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. நீ வாயைத் திறந்தால் அவர் வெட்டு மெஷினைப் போடுவார். அவர் மெஷினைப் போட்டால் நீ எழும்பிப் போவாய். இரண்டு பேருக்கும் நடுவில் இத்தனை வருடம் நான் இருந்தேன். என்னைப் பற்றி யாராவது ஒரு கட்டுரை எழுதலாம்.

இனி நடந்ததைக் கேள்.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முந்தின கிழமை உன் அண்ணன் கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார். துளைக்கிற சத்தம் கேட்டது. துக்கத்தில் இருக்கிற மனிதர், கையை வேலையில் வைத்திருந்தால் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். அந்தியேட்டியன்று காலையில் அவரும் ஒரு சொந்தக்காரரும் எதையோ வெள்ளைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு வந்து, உன் படத்துக்கு முன்னால் மேசையில் வைத்தார்கள். துணியை எடுத்தார்.

உன் தகடு. கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. அத்தனை குச்சிகளும் சம இடைவெளியில், தேன்கூடு போல, மயிரிழையும் பிசகாமல் நின்றன.

“பாரும் சுகந்தி, இப்ப வடிவா வந்திட்டுது” என்றார். “பாவம், காய்ச்சலோட பூட்டினதில பாதி நெருங்கியும் பாதி விலகியும் கிடந்தது. இண்டைக்கு இவ்வளவு சனம் வருகுது, அவளின்ர வேலை பிசகாக் கிடக்கக்கூடாது பாரும்.”

பழைய துளைகளை எல்லாம் பசை வைத்து அடைத்து, அரம் போட்டு, மினுக்கியிருந்தார். எங்கே துளை இருந்ததென்று கை வைத்துத் தடவினாலும் தெரியாது. அவ்வளவு நேர்த்தி. அந்த நெருக்கமும் விலகலும் நீ வேண்டுமென்றே வைத்தவை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் அன்றைக்குத்தான் உன் சாவுக்குப் பிறகு முதல்தடவையாக முகம் கழுவியவர் மாதிரி நின்றார்.

சனம் வந்தது, பார்த்தது, மெச்சியது. உன் நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகம் கொடுத்தோம். அதில் உன்னைக் குலவிளக்கு என்றும் குன்றாத சுடர் என்றும் ஒருவர் பாட்டுக் கட்டியிருந்தார். உன் பெயரை எடுத்துவிட்டு யார் பெயரைப் போட்டாலும் அந்தப் பாட்டுப் பொருந்தும். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் எழும்பி, தடைகளைச் சுற்றிச் செல்லும் அந்த ஒளி வேறு யாருமல்ல, எங்கள் இனமே என்று அரைமணி நேரம் பேசினார். “அது அலுமினியத்தில ஓடுற அலை, சேர். எங்கட சனத்தை ஏன் உதுக்குள்ள இழுக்கிறியள்?” என்று நீ கேட்டிருப்பாய். கேட்க ஆளில்லாததால் அவர் பேசி முடித்துப் பாயாசமும் குடித்தார்.

அப்போதுதான் வவுனியாவிலிருந்து றிஸ்வானா வந்தாள். உன்னோடு கம்பஸில் படிப்பிக்கிற, உன் ஆராய்ச்சிக் கட்டுரையில் உனக்கு அடுத்த பெயராக இருக்கிற அதே றிஸ்வானா. உன் படத்தைப் பார்த்தாள். தகட்டைப் பார்த்தாள். கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“அக்கா, அதை ஆர் அப்பிடிச் செஞ்சது?”

“இவர்தான். பிசகிப்போச்செண்டு நேராக்கிப் போட்டார்.”

அவள் சுவரில் சாய்ந்துவிட்டாள். “நேராக்கினா எல்லாம் போச்சக்கா. சமனா நிண்டா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எண்டு ஒண்டுமே இல்ல. எல்லையே இல்ல. அலை தகடு முழுக்கப் பரவிப் போயிரும்.”

பிறகு அவள் வந்த காரணத்தைச் சொன்னாள். நீங்கள் இருவரும் ஒரு ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரைக்குப் பதில் வந்திருந்தது. மடிப்பில் சில குச்சிகளைக் கழற்றியும், சிலவற்றைப் பிசகாக வைத்தும் அளந்து காட்டுங்கள், அதே தகட்டில் காட்டுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சொல்வதை ஏற்க முடியாது என்று கேட்டிருந்தார்கள். புதுத்தகடு செய்தால் முதலிலிருந்து எல்லாவற்றையும் அளக்க வேண்டும், அதற்கு அவர்கள் தந்த தவணை போதாது என்றாள். நீ அத்தனை வருடம் செய்ததெல்லாம் அந்த ஒரு கட்டுரைக்குள் இருந்தது. அது திரும்பி வந்தால் உன் பெயரில் மிஞ்சுவது அந்தப் பாட்டுப் புத்தகம் மட்டும்தான்.

உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவள், ஒருநாள், ஒரே ஒருநாள், “அண்ணை, இது வேணுமெண்டுதான் இப்பிடிக் கிடக்கு, தொடாதேங்கோ” என்று சொல்லியிருக்கக்கூடாதா?

அடுத்தநாள் காலை நான்தான் அவரிடம் சொன்னேன். பிட்டு வைத்துவிட்டுச் சொன்னேன். சாப்பிட்டு முடிய விட்டிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. என்னால் இயன்றபடி, நெருங்கி நிற்கிற ஆறு, விலகி நிற்கிற ஆறு, நடுவில் உள்ள வழி என்று கோப்பைகளை வைத்துக் காட்டினேன். அவர் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அப்ப, காய்ச்சலில பிழைச்சதில்லையோ?”

“இல்லையப்பா. அவள் அப்பிடித்தான் பூட்டினவள்.”

“நான் அழிச்சுப்போட்டன் என்ன?”

நான் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கத் தொடங்கினேன்.

“அவள் எனக்குச் சொல்லேல்லையே, சுகந்தி” என்றார்.

உன்னைப் பெட்டியில் வைத்தபோதும் அந்தக் குரல் அவருக்கு வரவில்லை. கையைக்கூடக் கழுவாமல் எழும்பிப் போய்விட்டார். யசோ, உன்னில் எனக்கு இருக்கிற எல்லாக் கோபத்திலும் பெரியது அந்தக் காலையில் வந்ததுதான். அதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். தகட்டைக் குப்புறப் போட்டு, அதன்மேல் குனிந்து நின்றார். அடிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறப் பொட்டுகள். அவர் அடைத்த பசை ஒவ்வொரு துளையிலும் அப்படியே தெரிந்தது.

“அந்தியேட்டிக்குள்ள முடிக்கவேண்டிக் கிடந்தது. அடிப்பக்கத்தை ஆர் பாக்கப்போகினம் எண்டு மினுக்காமல் விட்டனான்” என்றார். வாழ்க்கையில் அவர் அரைகுறையாக விட்ட வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். உன் அதிர்ஷ்டம்.

நீ பூட்டிய இடமெல்லாம் அங்கே இருந்தது. ஒவ்வொரு பொட்டாக மீண்டும் துளைக்கத் தொடங்கினார். பசை மெது, அலுமினியம் வலிது. துளைக்கிற அலகு அங்குமிங்கும் வழுகியது. சில துளைகள் ஒரு மயிர் தள்ளிப் போயின, சில அதைவிடக் கூடத் தள்ளிப் போயின. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையில் கைவைத்தார். இப்படிப் பிசகான சாமானைத் தன் கடையிலிருந்து வெளியே விட மாட்டேன் என்றார். புதுத்தகடு எடுக்கப் போவதாக வாகனச் சாவியைத் தூக்கினார். நான் றிஸ்வானாவுக்குப் போன் எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

“அண்ணே, பிசகு இருக்கட்டும்” என்றாள் அவள். “அவங்க கேட்டதே பிசகிப் போனா என்ன நடக்கும் எண்டுதானே? நெருங்கினது நெருங்கினதாவும் விலகினது விலகினதாவும் நிண்டாப் போதும். வேற ஒண்டையும் நேராக்கிராதீங்க, அல்லாவுக்காக.”

“பிள்ளை, பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்?”

“ஆரும் பாக்க மாட்டினம் அண்ணே. அலை மட்டும்தான் பாக்கும்.”

முணுமுணுத்துக்கொண்டே பூட்டி முடித்தார். நான் பக்கத்தில் நின்று குச்சி எடுத்துக் கொடுத்தேன். இருவருமாக வேலை செய்தோம் என்றுதான் பெயர், அவர் பெருமூச்சு விட நான் அதட்டினேன். தான் புதிதாகப் போட்ட வெறுந்துளைகளை உலோக நாடாவால் ஒட்டி மூடினார். அந்த நாடாவையும் நேராகத்தான் ஒட்டினார், அவரைத் திருத்த முடியாது.

தகட்டைக் கடையின் சின்னப் பட்டா லொறியில் மெத்தை விரித்து ஏற்றி வவுனியாவுக்குக் கொண்டுபோனோம். உன் அண்ணன் கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு போகிறவர்போல் ஓட்டினார். பஸ்காரர் எல்லாரும் ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்தினார்கள். சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடி இருந்த ஓமந்தை வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. “முந்தி எண்டால் இந்த இடத்தில உதை இறக்கி, என்ன அன்ரனா எண்டு கேட்டு, ஆளையும் தகட்டையும் வேற வேற பக்கம் கொண்டுபோயிருப்பாங்கள்” என்றார். அதுதான் அந்தியேட்டிக்குப் பிறகு அவர் சிரித்த முதல் சிரிப்பு. எதைப் பார்த்துச் சிரிப்பது என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு கணக்கே இல்லை.

கம்பஸ் ஆய்வுகூடத்தில் றிஸ்வானா தகட்டை மேசையில் வைத்தாள். ஒரு மூலையிலிருந்து அலையை அனுப்பினாள். மேலே ஒரு சின்னக் கம்பி குச்சிகளுக்கு மேலால் மெல்ல மெல்ல நகர்ந்து அளந்தது. கணினித் திரையில் நிறம் நிறமாக ஒரு படம் மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்தது. நேரமெடுத்தது. உன் அண்ணன் கதிரையில் இருக்கவில்லை. நான் இருந்தேன், ஆனால் இருந்த மாதிரி இல்லை.

தகட்டின் இரண்டு பாதியும் கறுப்பாகவே வந்தன. நடுவில், எல்லையில், ஒரு பிரகாசமான கோடு. அது நீ காய்ச்சலோடு முடித்த மூலைவரை வந்தது. கதவு நிலையில் ஆணி அடித்த வயரைப் போல அந்த எல்லை அங்கே சடாரென்று மடிகிறது. கோடும் மடிந்தது. மடிந்து, அப்படியே மறுபக்கம் போனது.

றிஸ்வானா மடிப்பில் இருந்த மூன்று குச்சிகளைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்தாள். கோடு கொஞ்சம் மங்கியது. மங்கியதை மறைக்கக்கூடாது, இந்த வகை அமைப்பில் கொஞ்சம் திரும்பித் தெறிக்கும், அதையும் எழுத வேண்டும் என்று அவள் சொன்னாள். நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய். ஆனால் கோடு போய்ச் சேர்ந்தது. உன் அண்ணனின் வழுகின துளைகளோடும், மூன்று குச்சிகள் இல்லாமலும் போய்ச் சேர்ந்தது. நீ சொன்னது சரி, யசோ. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ இருந்து பார்க்கவில்லையே என்ற எரிச்சலில் வந்த அழுகை.

அதற்குப் பிறகுதான் கூத்து. உன் அண்ணன் மேசைக்குக் கிட்ட வந்தார். “இன்னும் ரெண்டைக் கழட்டிப் பாப்பமோ?” என்றார். கழற்றினார்கள். போனது. “இஞ்சால உள்ளதையும்?” போனது. றிஸ்வானா ஒரு தாளை எடுத்து, ஆறு புள்ளி நெருக்கமாகவும் ஆறு புள்ளி விலத்தியும் வைத்து, நான் கோப்பைகளில் காட்டியதைவிடத் தெளிவாக அவருக்குக் காட்டினாள். அவர் மெஷின் எதையும் போடவில்லை. தலையாட்டிக் கேட்டார். கேட்டுக்கொண்டே இன்னும் குச்சிகளைக் கழற்றினார். கடைசியில் அளவுக்கு மிஞ்சிக் கழற்ற, மூலையில் எல்லாம் கலைந்து, கோடு சிதறி நின்றது. “ஓ, இவ்வளவுதான் தாங்கும்” என்று திருப்தியாகச் சொன்னார். ஒரு சாமானை முறித்துப் பார்க்காமல் அவருக்கு அதில் நம்பிக்கை வராது. பிறகு கழற்றியதெல்லாம் அதனதன் இடத்தில் தானே பூட்டினார்.

கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. உன் பெயர் முதலாவதாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்னக் குறி, நீ இல்லை என்பதற்கு. கடைசியில், தகட்டைச் செய்தவர் என்று உன் அண்ணனுக்கு நன்றி போட்டிருக்கிறாள் றிஸ்வானா. அவர் அதைப் பெருமையாக எல்லோருக்கும் காட்டினார். பிறகு யாரோ அவருக்கு முழுவதையும் தமிழில் சொல்லிக் கொடுக்க, நடுவில் ஓரிடத்தில் “தயாரிப்பின்போது ஏற்பட்ட பிழைகள்” என்று இருப்பது தெரிந்துவிட்டது. வீடு இரண்டுபட்டது. தன் வேலையில் பிழை இருந்ததென்று உலகம் முழுக்க அச்சடித்து விட்டார்களாம், பசை வழுகினதுக்கு அவர் என்ன செய்வாராம், மறுப்பு எழுதி அனுப்ப வேண்டுமாம். அந்தப் பிழைகளால்தான் கட்டுரையே தப்பியது என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. நீ உயிரோடு இருந்திருந்தால் இந்தக் கரைச்சல் உன்னோடு போயிருக்கும்.

இப்போது தகடு திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டது. உன் படத்துக்குக் கீழே மேசையில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற ஒருவரையும் உன் அண்ணன் சும்மா போக விடுவதில்லை. யன்னல் அளவு சொல்ல வந்தவரையும் கதிரையில் இருத்தி, ஆறு நெருங்கி, ஆறு விலகி என்று தொடங்கிவிடுகிறார். பால்காரர் மறுபடி சைக்கிளை வெளியிலேயே நிறுத்துகிறார். நீ போய்விட்டாய், உன் வகுப்பு மட்டும் இந்த வீட்டில் ஓயவில்லை.

போன கிழமை ஒருவர் அவரிடம் கேட்டார். “உங்களுக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும் அண்ணை?”

நான் குசினியில் நின்றேன். கை நின்றுவிட்டது.

“என்ர தங்கச்சி சொன்னவள்” என்றார். “குச்சி வெட்டேக்குள்ள பக்கத்தில நிண்டு ஒவ்வொண்டா விளங்கப்படுத்தினவள்.”

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. உனக்குத் தெரியும். சொல்லிச் சொல்லி அது அவருக்கு அப்படியே ஆகிவிட்டது போலிருக்கிறது. வெட்டு மெஷின் நின்றிருக்கிறது, நீ பக்கத்தில் நிற்கிறாய், அவர் கேட்கிறார், நீ சொல்கிறாய். அந்த நாள் நடந்திருக்கலாம். ஒரு சின்ன நாள்தான். நீங்கள் இருவரும் அதை நடக்க விடவில்லை, இப்போது அவர் தனியாக இருந்து அதை நடத்தி முடித்துவிட்டார்.

அது அப்படி நடக்கவில்லை என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவர் துணியும் அரமும் எடுத்துக்கொண்டு உன் தகட்டுக்குக் கிட்டப் போனால், நான் நடுவில் நிற்பேன். ஒரு குச்சியையும் நேராக்க விட மாட்டேன். அவர் சொல்கிற அந்தக் கதையையும் நான் நேராக்க மாட்டேன்.

இத்தனை திட்டியும் கோபம் தீராத,
உன் ஒரே வாங்குச் சினேகிதி, உன் அண்ணன் பெண்சாதி,
மச்சாள் சுகந்தி